முந்நூறாவது வாக்கு

எண்ணிக்கையில் ஒருவராய் நிற்கச் சம்மதிப்பதும் ஓர் அறம். முன்னே நடந்து வழிகாட்டுவோருக்குப் பெயர் உண்டு. எதிர்த்து நின்று வீழ்வோருக்கும் பெயர் உண்டு. முந்நூறு பேர் வேண்டிய இடத்தில் முந்நூறாவதாய் வந்து நின்று, நின்றதைப் பிறரிடம் சொல்லிக்கொள்ளாமல், கலையும் வேளை வரை இடம் பெயராதிருப்போருக்குப் பெரும்பாலும் பெயர் கிடைப்பதில்லை. கமியோ ஆற்றங்கரையில், உராகி என்னும் ஊரில் வாழும் குராமோச்சி தெய்ஸோவுக்கு இந்த அறம் எழுபத்தோராம் வயதில் வந்து சேர்ந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. மனைவி விட்டுச் சென்ற இடம் காலியாக இருந்தது. அங்கே போய் நின்றார்.

தெய்ஸோ முப்பத்தெட்டு ஆண்டுகள் அணையில் மதகு இயக்கியவர். அணை மின்நிறுவனத்தினுடையது. ஆற்று நீரை மலையைக் குடைந்த சுரங்கத்துள் திருப்பி, அப்பாலுள்ள மின்நிலையத்துக்கு அனுப்புவது அதன் தொழில். அதனால் அணைக்குக் கீழே பதினெட்டுக் கிலோமீட்டருக்கு ஆறு என்பது வெண்கற்களின் வரிசை மட்டுமே. பெருமழை வந்தால் தெய்ஸோ சங்கொலி எழுப்பி மதகைத் திறப்பார். மழை ஓய்ந்தால் மூடுவார். ஊரார் இதை அவர் குற்றமாக எண்ணியதில்லை. பொத்தானை அழுத்தும் விரல் யாருடையதாயினும் ஆணை வேறிடத்திலிருந்து வருகிறது என்பதை உராகியில் அனைவரும் அறிவர்.

அவருக்கு நல்ல குரல் வாய்த்திருந்தது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், பங்குதாரர் பொதுக்கூட்டத்தன்று, பங்கு வைத்திருந்த ஊழியர் சிலரை நிறுவனம் விடியற்காலையிலேயே அழைத்துச் சென்று முன்வரிசைகளில் அமர்த்தும். தலைவர் ‘இவ்வாறு நடத்தலாமா’ என்று வினவும்போதெல்லாம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒருமித்து முழங்குவது அவர்கள் கடமை. முந்தைய நாள் ஒத்திகையும் நடக்கும். பதினாறு ஆண்டுகள் தெய்ஸோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து முதற்குரல் கொடுத்தார். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்தே தொடங்குவர். ஓய்வுபெற்றபோது தம் பங்குகளை விற்றுக் கூரையை மாற்றிக்கொண்டார். அத்துடன் அந்த வேலையும் முடிந்தது என்றே கருதியிருந்தார்.

பிப்ரவரி இருபத்துநான்காம் நாள் அவர் மனைவி ஃபுசயே இறந்தார். அஞ்சலகத்திலிருந்து திரும்பி வருகையில் பாலத்தின் நடுவில் உட்கார்ந்தாராம்; மீன்வண்டிக்காரர் பார்த்து ஏற்றி வந்தார். மருத்துவமனையில் இரண்டு நாள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர் போனால் மனிதனுக்குள் ஏதாவது இடிந்து விழும் என்று தெய்ஸோ கேள்விப்பட்டிருந்தார். எதுவும் விழவில்லை. வெகுநேரம் மடக்கி அமர்ந்த காலைப்போல் உடம்பு முழுவதும் இருந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவே. துக்கம் விசாரிக்க வந்தோர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, அணையில் காலை ஒன்பது மணிக்கு நீர்மட்டம் அறிவிக்கும் குரலிலேயே, “மாற்றமில்ல” என்றார். சிலர் அதைக் கேட்டு அழுதார்கள். ஏன் அழுகிறார்கள் என்பது அவருக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் கடைக்காரர் நெஸு வந்தார். அறுபத்தைந்து வயது, கனத்த உடம்பு, வாய் ஓயாதவர். படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, ஈரத்துணியில் சுற்றிய தோஃபுவைச் சமையலறை மேடையில் தாமே கொண்டுபோய் வைத்தார்.

“சாப்பிட்டீங்களா, குராமோச்சி சான்?”

“ஆச்சு.”

“என்ன சாப்பிட்டீங்க?”

தெய்ஸோ யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

“அதுக்குத்தான் கேட்டேன். இத வேகவைக்கக்கூட வேணாம், அப்படியே முழுங்கலாம். பல்லு இல்லாத எங்கப்பா இதத் தின்னே தொண்ணூத்தாறு வரைக்கும் எங்க உயிர வாங்கினாரு.” நெஸு சிரிக்க முயன்று விட்டுவிட்டார். கால் மடக்கி நேராக அமர்ந்தார். “ஒரு விஷயம் சொல்லணும். இன்னும் பதினஞ்சு நாள் பொறுத்துச் சொல்லலாம்னு பார்த்தேன். பொறுக்க நாள் இல்ல.”

அவர் சொன்னது இது. ஆற்றுக்கு ஆண்டு முழுவதும் ஓரளவேனும் நீர் விடவேண்டும் என்று நிறுவனத்தின் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய ஊர்க்காரர்கள் சிலர் கூடியிருந்தனர். நூறு பங்குக்கு ஒரு வாக்கு. முன்மொழிய வேண்டுமானால் முந்நூறு வாக்குகள் சேர வேண்டும்; அவையும் ஆறு மாதம் கைமாறாமல் இருந்திருக்க வேண்டும். ஆளுக்கு நூறு பங்கு என்று நான்கு ஆண்டுகள் வாங்கி வாங்கி, சென்ற இலையுதிர்காலத்தில்தான் முந்நூறு நிறைந்தது. ஒன்று மிச்சமில்லை, ஒன்று குறைவில்லை.

“அந்த முந்நூறுல ஒண்ணு ஃபுசயே சானோடது” என்றார் நெஸு.

தெய்ஸோ படத்தைப் பார்த்தார். கூட்டுறவுத் தேயிலை ஆலையில் ஃபுசயே இலை பிரித்து வாங்கிய கூலி எங்கே போயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நிறுவனத்தின் பெயர் போட்ட உறைகள் ஆண்டுக்கு இருமுறை வந்தன; ஓய்வூதியக் கடிதம் என்று எண்ணிப் பிரிக்காமல் ஃபுசயேயிடமே கொடுத்துவந்தார்.

“என்கிட்ட சொல்லலையே.”

“சொல்லவேணாம்னாங்க. ‘அவரு முப்பத்தெட்டு வருஷம் அவங்க சோத்தத் தின்னவரு, அவர ரெண்டு பக்கமும் இழுக்கக் கூடாது’ன்னாங்க. நானும் சொல்லல. தோஃபுக் கடையில ரகசியம் நின்னது இதுதான் முதல்தடவ.”

கோபம் வரலாம், வருத்தம் வரலாம் என்று தெய்ஸோ சற்றுக் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை.

“இப்ப இருநூத்தித் தொண்ணூத்தொன்பது” என்றார்.

“ஆமா. புதுசா யாராவது வாங்கினா ஆறு மாசம் ஆகும். ஏப்ரல் முப்பதுக்குள்ள மனு போய்ச் சேரணும். வாரிசுக்கு மாத்தினா மட்டும் அவங்க வச்சிருந்த காலமும் சேர்த்து எண்ணுவாங்களாம், விசாரிச்சுட்டேன். அந்தப் பேர் மாத்தவே மூணு நாலு வாரம் பிடிக்கும்.” நெஸு இரண்டு கைகளையும் பாயில் ஊன்றித் தலை தாழ்த்தினார். “நாங்க கேக்கக் கூடாத ஆள்கிட்டக் கேக்கறோம்னு தெரியும்.”

“நாப்பத்தொன்பதாம் நாள் முடியாம அவ சாமானத் தொடமாட்டேன்” என்றார் தெய்ஸோ.

இது மறுப்பன்று, உராகியில் யாரும் அதற்கு முன் தொடுவதில்லை. துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாள் ஏப்ரல் பதின்மூன்று. நெஸு விரல்களை மடக்கிப் பார்த்தார், நாள் போதாது. இன்னொரு முறை தலை தாழ்த்திவிட்டு எழுந்து போனார்.

வழி திறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. ஃபுசயேயின் தமக்கை தொகியே எழுபத்தெட்டு வயதினர். பங்கும் வாக்கும் அறியாதவர். சடங்கில் ஓர் எழுத்துப் பிசகினாலும் உறங்காதவர். அவர் நாட்காட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார்.

“பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மூணு மாசத்த மிதிக்குதே, தெய்ஸோ சான். துக்கம் மூணு மாசத்த மிதிக்கக் கூடாது. வீட்ட விட்டுப் போகாது அது. முப்பத்தஞ்சாம் நாளே முடிச்சிடணும்.”

“சரி, அக்கா.”

“மார்ச் முப்பது. கோயில்ல சொல்லிட்டேன்.”

“சரி.”

“எல்லாத்துக்கும் சரிங்கறீங்க. என் தங்கச்சி இருந்தப்பவும் இப்படித்தானா?”

“அவ கேட்டதே இல்ல, அக்கா.”

தொகியே எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். கழுவியிருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினார்.

மார்ச் முப்பதில் சடங்கு முடிந்தது. நகரத்திலிருந்து வந்திருந்த மகள் சிஹோ, பலகாரப் பெட்டிகளை அடுக்கி ஒதுக்கிவிட்டுத் தந்தையின் எதிரில் அமர்ந்தாள். பெயர் மாற்றத்துக்கு, கையொப்பத்துக்கு ஈடான அவள் முத்திரையும் வேண்டும்.

“அப்பா, நிஜமாவே உங்களுக்கு இதுல விருப்பமா?”

“விருப்பம்னு ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் ஏன்?”

“விருப்பமில்லேன்னும் ஒண்ணும் இல்ல. அவ இருந்தா நின்னிருப்பா. இப்ப ஒரு ஆள் குறையுது.”

சிஹோ தாளைத் தன் பக்கம் இழுத்தாள். முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஆவி ஊதி, தாளில் அழுத்தினாள்.

பங்குத்தரகு அலுவலகம் நகரத்தில் இருந்தது. பேருந்தில் ஒன்றரை மணி. முதல் பயணத்தில் தேவையான தாள்களின் பட்டியல் கிடைத்தது. ஃபுசயே பிறந்தது முதல் இறந்தது வரையுள்ள குடும்பப் பதிவேடுகள் அனைத்தும் வேண்டும், வேறு வாரிசு இல்லை என்று காட்டுவதற்கு. அவற்றைப் பேரூர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை போனார். சாளரத்தில் இருந்த இளம்பெண் ஒவ்வொரு வரியாய் விரல் வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

“இங்க இன்னொருத்தர் பேர் இருக்கே, ஐயா.”

“நாலு நாள் இருந்தான்” என்றார் தெய்ஸோ. “அதுக்குக் கீழ் வரியில இருக்கும்.”

அவள் கீழ் வரியைப் படித்தாள். தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெயரை அவரும் ஃபுசயேயும் நாற்பத்துமூன்று ஆண்டுகளாய் உச்சரித்ததில்லை. அச்செழுத்தில் அது மற்ற பெயர்களின் அளவிலேயே இருந்தது. இன்னும் ஒரு தாள் குறைந்ததால் தெய்ஸோ அனைத்தையும் அடுக்கி மறுபடி உறையிலிட்டார்.

இதற்குள் செய்தி பரவியிருந்தது. ஏப்ரல் நடுவில் இஸாவா வந்தார். அணையில் அவருக்கு மேலதிகாரியாய் இருந்தவர். இப்போது ஓய்வுபெற்றோர் சங்கத் தலைவர். ஒரு புட்டி மதுவும் ஒரு சிரிப்பும் கொண்டுவந்திருந்தார்.

“குரா, நீ தோஃபுக்காரன் கட்சியில சேர்ந்துட்டேன்னு ஊர்ல ஒரு பேச்சு. சிரிச்சேன் நான். நம்ம குராவா, மூணாம் வரிசை இடியோசையான்னு.”

“கட்சின்னு ஒண்ணும் இல்ல.”

“பின்ன என்ன? அந்த ஆத்துல தண்ணி போனா மீன் பிடிக்கறவனுக்கு லாபம். உனக்கென்ன? உன் கூரையில இருக்கற ஓடு யாரு குடுத்தது?”

“நிறுவனம்.”

“தெரியுதில்ல.” இஸாவா குரலைத் தாழ்த்தினார். “உன்ன எதிர்த்து ஏதும் செய்யச் சொல்லல. எதுவுமே செய்யாம இரு, அது போதும். இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்காமே. மனசு சரியில்ல, தாமதமாயிடுச்சுன்னு சொல்லு. பொண்டாட்டி போனவன யாரு குத்தம் சொல்லுவா? ஊரே உனக்குப் பரிதாபப்படும்.”

அது மெய்தான். எதுவும் செய்யாதிருப்பதற்கு அந்த நாட்களில் தெய்ஸோவுக்கு எவ்வித முயற்சியும் தேவையில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் ஏப்ரல் முப்பது தானே வந்து தானே கடந்துவிடும்; முன்மொழிவு பிறக்காமலே போகும்; இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் அவரை மன்னிப்பார்கள். இதை அவர் நன்றாக எண்ணிப் பார்த்தார்.

“அவ தாமதமா போனதே இல்ல” என்றார் பிறகு. “எங்கேயும்.”

“அவங்க போயிட்டாங்க, குரா.”

“ஆமா. அதான் நான் போறேன்.”

இஸாவா புட்டியை வைத்துவிட்டுப் போனார். சங்கத்தின் வெந்நீர் ஊற்றுப் பயணத்துக்கான அழைப்பு அவ்வாண்டு தெய்ஸோவின் வீட்டுக்கு வரவில்லை.

கடைசித் தாளும் போய்ச் சேர, ஏப்ரல் இருபத்தாறில் பெயர் மாறியது. இருபத்தெட்டில் முந்நூறு வாக்குகளின் மனு நிறுவனத்தின் தலைமையகத்தில் ஏற்கப்பட்டது. முன்மொழிந்தோர் பட்டியல் அகரவரிசையில் இருந்ததால் தெய்ஸோவின் பெயர் நடுவில் எங்கோ கிடந்தது. நெஸு அதை அவருக்குச் சுட்டிக்காட்டினார். தெய்ஸோ பார்த்து, “ம்” என்றார்.

ஜூன் மாதம் பொதுக்கூட்டத்துக்கு உராகியிலிருந்து இருபத்திரண்டு பேர் வாடகைப் பேருந்தில் சென்றனர். எண்பத்துநான்கு வயதான ஒகினோ பாட்டியம்மாள் முதல் ஆளாய் ஏறி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய அரங்கு. வாயிலில் வருகை எண் எழுதிய அட்டை தந்தார்கள். முன்வரிசைகளில் கறுப்புக் கோட்டு அணிந்த ஊழியர்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தனர். எல்லாத் தலைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. பின்புறத்தில், நெஸுவுக்கும் ஒகினோ பாட்டியம்மாளுக்கும் இடையே தெய்ஸோ அமர்ந்தார். பின்னிருந்து அவ்வரங்கை அவர் பார்த்ததில்லை.

நெஸுவுக்கு மூன்று நிமிடம் தரப்பட்டது. கடையில் ஓயாத வாய் அங்கே வறண்டது. தாளைப் பார்த்துப் படித்தார். இயக்குநர் குழு இதனை எதிர்க்கிறது என்றார் தலைவர். பிறகு கேள்விகள். உராகியைச் சேர்ந்த மூவர் பேசக் கையுயர்த்தியிருந்தனர். ஒருவர் பேசி முடித்தார். அடுத்து ஒகினோ பாட்டியம்மாள். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்துகொண்டிருந்தபோதே தலைவர் முகமலர்ந்து, போதிய அளவு விவாதித்துவிட்டோம், இனி வாக்கெடுப்புக்குச் செல்லலாமா என்று வினவினார்.

“ஆட்சேபணை இல்லை.”

முன்வரிசைகள் முழங்கின. அந்த முழக்கத்துக்கு அரைநொடி முன்னதாக, அரங்கின் பின்னிருந்து ஒரு தனிக்குரல், ஆழமாய், தெளிவாய், அதே சொற்களை எழுப்பியது. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தனர். உராகிக்காரர் இருபத்தொருவரும் தெய்ஸோவைப் பார்த்தனர்.

அவர் வாய் இன்னும் திறந்திருந்தது. அக்கேள்வி அந்த ஏற்ற இறக்கத்தில் வந்தால் தொண்டை தானே திறந்துகொள்ளும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஒகினோ பாட்டியம்மாள் பாதி எழுந்த நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

“குராமோச்சி சான்” என்றார் நெஸு மெல்ல.

தெய்ஸோ எழுந்தார். ஒலிவாங்கி அவரிடம் இல்லை. அவருக்கு அது வேண்டியதுமில்லை.

“வருகை எண் நானூத்திப் பன்னெண்டு. குராமோச்சி.” கூட்ட நெறி அவருக்கு மனப்பாடம், எண்ணும் பெயரும் சொல்லாமல் பேசக்கூடாது. “இப்பப் பின்னாடி இருந்து குரல் குடுத்தது நான். பழக்கத்துல வந்துடுச்சு. அதத் திருப்பி எடுத்துக்கறேன். எனக்கு ஆட்சேபணை இருக்கு. இந்த அம்மா பேச எழுந்திருக்காங்க. அவங்க பேசட்டும்.”

தலைவர் பக்கத்திலிருந்த வழக்கறிஞரை நோக்கித் தலை சாய்த்தார். பிறகு, ஒருவர் மட்டும், சுருக்கமாக, என்றார்.

ஒகினோ பாட்டியம்மாள் பேசினார். தாம் மணமாகி வந்தபோது ஆற்றின் ஒலியில் தூக்கம் வரவில்லை என்றும், இப்போது ஒலியில்லாததால் தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊழியர் வரிசையில் யாரோ இருமினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. தெய்ஸோ மற்றவர்களோடு கையுயர்த்தினார். கை உயர்ந்து நின்றபோதும் உள்ளே ஏதேனும் அசைகிறதா என்று பார்த்தார். அசையவில்லை. கையை இறக்கச் சொன்னபோது இறக்கினார்.

முன்மொழிவு தோற்றது. ஆதரவு ஆறரை விழுக்காடு. பெரிய வங்கிகளின் வாக்குகள் முன்பே அஞ்சலில் வந்து முடிந்திருந்தன. அரங்கில் யார் என்ன முழங்கினாலும் முழங்காவிட்டாலும் கணக்கு அதுவே.

திரும்பும் பேருந்தில் நெஸுவுக்கு வாய் திரும்பி வந்தது.

“இருவத்தொரு பேரு நாலு வருஷம் கத்தினத ஒத்த ஆளா அரை நொடியில முழுங்கிட்டீங்களே. இப்படி ஒரு குரல எதிரிக்கிட்ட விட்டு வச்சிருந்தோம் பாருங்க, அதான் தோத்துட்டோம்.”

எல்லோரும் சிரித்தனர். தெய்ஸோ மன்னிப்புக் கேட்டுத் தலை தாழ்த்தினார்.

“தலையத் தூக்குங்க” என்றார் முன்னிருக்கையிலிருந்து ஒகினோ பாட்டியம்மாள். “எனக்குன்னு ஒரு ஆம்பள எழுந்து நின்னு நாப்பது வருஷமாச்சு. என் வீட்டுக்காரரு செத்தப்பறம் இதான் முதல்.”

பிறகு நெஸு குரல் மாறி, தெரிந்திருக்க வேண்டியதைச் சொன்னார். பத்து விழுக்காடு கிடைக்காத முன்மொழிவை மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி கொண்டுவர இயலாது. அதுவரை முந்நூறு வாக்குகளும் கலையாமல் இருக்க வேண்டும். விற்க நினைப்பவர்கள் இப்போதே சொல்லிவிட்டால் நல்லது, யார்மீதும் வருத்தமில்லை.

“மூணு வருஷத்துல எனக்கு எம்பத்தேழு” என்றார் பாட்டியம்மாள். “நான் விக்கமாட்டேன். செத்தா எம் மருமகளப் பிடிச்சுக்கோங்க. பேசமாட்டா, ஆனா கை தூக்குவா.”

நெஸு ஒவ்வொருவராய்ப் பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தார். தெய்ஸோவின் முன் வந்ததும் தயங்கினார்.

“உங்கள நான் கேக்கல. நீங்க செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. ஃபுசயே சானுக்காக வந்தீங்க. இதுக்கு மேல—”

“எழுதிக்கோங்க” என்றார் தெய்ஸோ.

“மூணு வருஷம், குராமோச்சி சான்.”

“எழுதிக்கோங்க. எங்கேயும் போற வேல எனக்கில்ல.”

ஜூலை மாதத்தில் சிஹோ வந்தாள். தாயின் உடைகளைப் பிரித்து மடித்து இரண்டு பெட்டிகளில் வைத்தார்கள். நடுப்பகலில் குளிர்ந்த நூடுல்ஸை உண்டுகொண்டிருக்கையில் தெய்ஸோ சொன்னார்:

“உம் பேர்ல ஒரு நூறு பங்கு வாங்கிடலாம்னு இருக்கேன்.”

“எனக்கெதுக்குப்பா?”

“எனக்கும் எழுபத்தொண்ணு. நடுவுல நான் போயிட்டா மறுபடி ஓடி ஓடித் தாள் சேக்கணும். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் போனாலும் எண்ணிக்க குறையாது. ஆறு மாசமும் முன்னாடியே ஓடி முடிஞ்சிருக்கும்.”

சிஹோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். தந்தை தம் மரணத்தைச் சொன்ன குரலில் நடுக்கம் இருக்கிறதா என்று செவிகூர்ந்தாள்; இல்லை. பேருந்து நேரம் சொல்வதைப் போலவே சொல்லியிருந்தார்.

“நான் கூட்டத்துக்கெல்லாம் வரமாட்டேன்.”

“வரவேணாம். இருந்தாப் போதும்.”

“அம்மாவும் இப்படித்தான் சொல்லியிருப்பாங்க, இல்ல?”

“தெரியல. எங்கிட்டத்தான் சொல்லலையே.”

சிஹோ சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகையாயிற்று. தெய்ஸோ அவளருகே நகர்ந்து அமர்ந்தார். அவள் அழுது முடிக்கும் வரை அங்கேயே இருந்தார். பிறகு இருவரும் எஞ்சியிருந்ததை உண்டார்கள். அவள் முகம் கழுவி, அடையாள அட்டையையும் முத்திரையையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு மணிப் பேருந்தில் நகரத்துக்குப் புறப்பட்டார்கள். உராகியின் முந்நூறு அன்று முந்நூற்றொன்றாக வழி பிறந்தது.

அந்த வீட்டின் அடுப்பில் நெருப்புக் குறையாதிருக்க. அவ்வாயிலில் புகுவோர் பசியோடு திரும்பாதிருக்க. போனவர் இளைப்பாறுக, இருப்பவர் நெடிது இருக்க, தந்தைக்கு மகளும் மகளுக்குத் தந்தையும் துணையாய் நின்று, அக்குடி எந்நாளும் எண்ணிக்கையில் குறையாது பொலிக.